பம்ப் நின்றால் நரம்புத் துடிப்பும் உடனே நின்றுவிடுமா?

#1 பிளஸ்டூ_விலங்கியல்

நரம்புத் தூண்டல் பாடத்துக்கான கைடுகளில் அடிக்கடி வரும் வரி இது: சோடியம் உள்ளே வந்து, பொட்டாசியம் வெளியே போன பிறகு, சோடியம்-பொட்டாசியம் பம்ப் வேலை செய்து சவ்வை மறுபடி −70 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுவருகிறது.

இதைப் படித்த மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஊவபெயின் போட்டு பம்பை அடைத்துவிட்டால் முதல் ஸ்பைக் (நரம்பின் மின்துடிப்பு) ஏறிய இடத்திலேயே நின்றுவிட வேண்டுமே? இரண்டாவது வரவே கூடாதே? எண்களோடு பதில் வேண்டும். "ரொம்பக் குறைவு", "ரொம்ப வேகம்" என்று சொன்னால் பிள்ளைகள் விடுவதில்லை.

#2 அயனிக்கணக்கு

முதல் ஸ்பைக் இறங்கும். இரண்டாவதும் வரும். பெரிய செல்லாக இருந்தால் ஆயிரமாவதும் வரும். கைடில் இருக்கும் வரி தப்பு.

நேரத்தை முதலில் பாருங்கள். ஒரு பம்ப் மூலக்கூறு ஒரு சுற்றில் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். செலவு 1 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு). முழு வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 100, 200 சுற்றுதான். ஒரு சுற்றுக்கு 5 முதல் 10 மில்லிவினாடி ஆகிறது. ஸ்பைக் ஏறி இறங்குவதே 1 மில்லிவினாடி சொச்சத்தில் முடிந்துவிடும். பம்ப் ஒரு சுற்றைக்கூட முடித்திருக்காது. சேனலின் (அயனி கடக்கும் சவ்வுத் துளையின்) வேகமோ வேறு ரகம்: திறந்த சோடியம் சேனல் ஒன்றில் 1 பிக்கோஆம்பியர் ஓடினாலே நொடிக்கு சுமார் 60 லட்சம் அயனி, மில்லிவினாடிக்கு 6,000.

அடுத்து எண்ணிக்கை. கரும்பலகையில் அப்படியே போடலாம்.

சவ்வின் மின்தேக்குத்திறன் சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஃபாரட். 100 மில்லிவோல்ட் மாற்ற வேண்டிய மின்னூட்டம் 0.0000001 கூலும். ஃபாரடே எண் 96,485 ஆல் வகுத்தால் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 பிக்கோமோல். 20 மைக்ரான் விட்டமுள்ள கோளச் செல்லின் பரப்பு சுமார் 1,257 சதுர மைக்ரான். அதற்குத் தேவையான சோடியம் சுமார் 80 லட்சம் அயனி. அந்தச் செல்லுக்குள் 12 மில்லிமோலார் செறிவில் ஏற்கெனவே இருக்கும் சோடியம் சுமார் 3,000 கோடி. ஆக ஒரு ஸ்பைக்குக்கு உள்ளே கூடுவது 0.03 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. பொட்டாசியத்தை எடுத்தால் (140 மில்லிமோலார்) இழப்பு இன்னும் பத்தில் ஒரு பங்கு.

மேல்நிலைத் தொட்டியும் மோட்டாரும் மாதிரி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது தொட்டியில் இருப்பதால். அந்த நேரத்தில் மோட்டார் ஓடுகிறதா என்பது குழாய்க்குத் தெரியாது. மோட்டார் நாள் முழுக்க ஓடாவிட்டால்தான் தொல்லை.

அப்படியானால் ஸ்பைக்கை இறக்குவது எது? இரண்டு வேலை நடக்கிறது. சோடியம் சேனல் திறந்த ஒரு மில்லிவினாடிக்குள் தானாகவே அடைத்துக்கொள்கிறது. மின்னழுத்தம் ஏறியதைப் பார்த்துத் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் சேனல் வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது. இரண்டுக்கும் ஏடிபி வேண்டாம். பாலூட்டிகளின் ரான்வியர் கணுவில் (நரம்பு நாரின் மயலின் உறை விட்டுப்போகும் இடைவெளி) இந்தத் தாமதப் பொட்டாசியம் சேனல் மிகச் சொற்பம். அங்கே சோடியம் சேனல் அடைத்துக்கொள்வதும் கசிவு மின்னோட்டமும் போதும்.

#3 சந்தேகம்_சாமி

பம்ப் 3 வெளியே, 2 உள்ளே என்றால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே ஒரு நேர்மின் குறைகிறதே. உள்பக்கம் எதிர்மின்னாக இருப்பதே அதனால்தான் என்று படித்த ஞாபகம். அதோடு செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் எதிர்மின்னும் சேர்ந்து −70 என்று.

#4 அயனிக்கணக்கு

3-க்கு 2 கணக்கால் நேரடியாகக் கிடைப்பது சில மில்லிவோல்ட்தான். ஊவபெயின் போட்ட உடனே மின்னழுத்தம் அவ்வளவுதான் நகரும். மீதி முழுவதும் பொட்டாசியம் கசிவு.

ஒரே ஒரு அயனி மட்டும் கடந்தால் வரும் மின்னழுத்தத்தைச் சொல்வது நெர்ன்ஸ்ட் சமன்பாடு, 37 டிகிரியில்: 61.5 × மடக்கை(வெளிச் செறிவு ÷ உட்செறிவு). பொட்டாசியம் வெளியே 5, உள்ளே 140 என்றால் −89 மில்லிவோல்ட். சோடியம் வெளியே 145, உள்ளே 12 என்றால் +67. ஓய்வில் சவ்வு பொட்டாசியத்துக்கு அதிகமாகத் திறந்திருக்கிறது, சோடியத்துக்கு அதில் 0.04 பங்கு. பல அயனிகளைச் சேர்த்துக் கணக்கிடும் கோல்ட்மன் சமன்பாட்டில் இந்த இரண்டை மட்டும் போட்டால்:

மேலே: 5 + 0.04 × 145 = 10.8
கீழே: 140 + 0.04 × 12 = 140.5
விடை: 61.5 × மடக்கை(10.8 ÷ 140.5) = −68.5 மில்லிவோல்ட்

இப்போது அந்த 0.04-ஐ 20 ஆக்குங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். விடை +54. செறிவு ஒன்றுகூட மாறவில்லை, ஊடுருவு விகிதம் மட்டும் மாறியது. ஸ்பைக் என்பது இவ்வளவுதான். (நிஜத்தில் உச்சம் +30, +40 பக்கம் நின்றுவிடும். சோடியம் சேனல்கள் முழுசாகத் திறந்து முடிப்பதற்குள் அடைபடத் தொடங்கிவிடும்.) 0.04, 20 என்ற இரண்டு எண்களும் ஹாட்ஜ்கின், காட்ஸ் இருவரும் 1949-இல் ஸ்க்விட் கணவாயின் ராட்சத ஆக்ஸானுக்கு (நீண்ட நரம்பு நார்) கொடுத்தவை. பாலூட்டி செறிவோடு சேர்த்துப் போட்டாலும் பாடத்துக்குப் போதுமான துல்லியம் கிடைக்கும்.

புரத எதிர்மின் விஷயம்: செல்லின் உட்திரவத்தை மொத்தமாக எடுத்தால் நேர்மின்னும் எதிர்மின்னும் சமம். சமமின்மை இருப்பது சவ்வை ஒட்டிய சில நானோமீட்டர் படலத்தில் மட்டும். புரதம் எதிர்மின்னாக இருப்பதால் உள்ளே −70 என்றால், சவ்வைப் பொட்டாசியத்துக்கு மூடினாலும் −70 இருக்க வேண்டும். இருக்காது.

#5 யாழ்_நரம்பியல்

பெரிய கலத்துக்கு அயனிக்கணக்கு சொன்னது சரி. ஆனால் இதை எல்லா நரம்புக்கும் பொதுவாக எடுத்துவிடக் கூடாது. பரப்புக்கும் கனவளவுக்கும் உள்ள விகிதம் விட்டம் குறையக் குறைய ஏறும். 1 மைக்ரோன் விட்டமுள்ள, மயலின் இல்லாத நார் என்றால் அதே கணக்கு ஒரு ஸ்பைக்குக்கு 0.33 சதவீதம். 0.2 மைக்ரோன் என்றால் 1.7 சதவீதம். 50, 60 ஸ்பைக் தொடர்ந்து வந்தால் உள்ளே சோடியம் இரட்டிப்பாகும். வலியைக் கொண்டுபோகும் சி நார்கள் இந்த அளவிலேதான் இருக்கின்றன. ஆகவே அவற்றுக்குப் பம்ப் வெகு தூரத்து விஷயம் அல்ல.

இன்னொன்று: 1 பிக்கோமோல் என்பது தேவைப்படும் குறைந்தபட்ச அளவு. சோடியம் உள்ளே வரும்போதே பொற்றாசியமும் வெளியே போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, வீண் செலவு கூடும். கணவாய் ஆக்ஸானில் உண்மையாக உள்ளே வருவது அந்தக் குறைந்தபட்ச அளவின் கிட்டத்தட்ட 4 மடங்கு. எலியின் மூளையில் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியின் பாசி நார்களில் 2009-இல் அளந்தபோது 1.3 மடங்குதான். சோடியம் வாசல் (சேனல்) மூடின பிறகே பொற்றாசியம் வாசல் திறக்கும்படி அங்கே நேரம் அமைந்திருக்கிறது.

மூளைக்கு இரத்தோட்டம் நின்றால் என்ன நடக்கிறது என்பதையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். நினைவு 10 வினாடி அளவிலேயே தப்பிவிடும். அந்த நேரத்தில் அயனிச் சரிவு (உள்ளே-வெளியே செறிவு வேறுபாடு) இன்னும் குலையவில்லை. பம்ப் நின்றதன் முழு விளைவு ஓரிரு நிமிடம் கழித்துத்தான்: கலத்துக்கு வெளியே 3 மில்லிமோலராக இருந்த பொற்றாசியம் திடீரென 50-ஐத் தாண்டும், எல்லாக் கலமும் மின்னழுத்தத்தை இழக்கும்.

#6 பிளஸ்டூ_விலங்கியல்

கோல்ட்மன் கணக்கை வைத்தே இரத்தப் பொட்டாசியம் ஏறினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். வெளியே 8 என்றால் −62 வருகிறது. ஸ்பைக் தொடங்கும் −55 வாசலுக்கு இன்னும் கிட்டே வந்துவிட்டதே, அப்படியானால் நரம்பும் தசையும் துள்ள வேண்டும். ஆனால் மருத்துவப் புத்தகத்தில் தளர்ச்சி என்று இருக்கிறது.

#7 கேபிள்காரன்

−55 என்பதைக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம். நிலையான வாசல் மின்னழுத்தம் என்று ஒன்று கிடையாது. உள்ளே வரும் சோடியம் மின்னோட்டம், வெளியே போகும் மின்னோட்டத்தை எந்தக் கணத்தில் மிஞ்சுகிறதோ அதுதான் வாசல். எத்தனை சோடியம் சேனல் அந்த நேரத்தில் "தயார்" நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

சோடியம் சேனலுக்கு மூன்று நிலை: மூடியது, திறந்தது, அடைபட்டது. மெதுவாக மின்னழுத்தம் ஏறினால் திறக்காமலேயே பல சேனல்கள் அடைபட்ட நிலைக்குப் போய்விடும். பொட்டாசியம் ஏறி சவ்வு −62-இலேயே கிடந்தால் நடப்பது இதுதான். ஆரம்பத்தில் கொஞ்சம் துள்ளல், பிறகு சேனல் கையிருப்பு குறைந்து தளர்ச்சி. அவசரத்தில் கால்சியம் குளுக்கோனேட் கொடுப்பது பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைக்காது. இதயத் தசையைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும், அவ்வளவே. பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோசும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஸ்பைக் செல் உடலில் தொடங்குவதாகப் படம் போடுவதையும் மாற்றலாம். பெரும்பாலான நியூரான்களில் அது தொடங்குவது ஆக்ஸானின் தொடக்கத் துண்டில், செல் உடலிலிருந்து 20, 40 மைக்ரான் தள்ளி. சோடியம் சேனல்கள் அங்கே நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன, வாசலும் தாழ்வு.

#8 பைத்தான்_பாண்டி

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். ஸ்பைக்கைக் கணக்கிடும் ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி மாதிரியைப் பைத்தானில் எழுதி வைத்திருக்கிறேன். 6.3 டிகிரியில் ஸ்பைக் வருகிறது. மனித உடம்பு என்று 37 போட்டால் ஒன்றும் வருவதில்லை. சில சமயம் நடுவில் விடை எண்ணே இல்லாமல் போய்விடுகிறது. பம்ப்பை எந்த வரியில் சேர்ப்பது என்றும் தெரியவில்லை.

#9 கேபிள்காரன்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: சேர்க்க வேண்டாம். 1952-இல் வந்த அந்தச் சமன்பாடுகளில் பம்ப் என்று ஒரு உறுப்பே இல்லை. சோடியம், பொட்டாசியம் இரண்டின் சமநிலை மின்னழுத்தமும் நிலையான எண்கள். அப்படியிருந்தும் ஸ்பைக் ஏறுகிறது, இறங்குகிறது, ஓய்வுக்குக் கீழே போய்த் திரும்புகிறது. #1-இல் வந்த கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடையாது. வகுப்பில் திரையில் ஓட்டிக் காட்டலாம்.

எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு −65 என்று வைத்துக்கொண்டால்:

மின்தேக்குத்திறன் 1; கடத்துதிறன்: சோடியம் 120, பொட்டாசியம் 36, கசிவு 0.3
சமநிலை: சோடியம் +50, பொட்டாசியம் −77, கசிவு −54.4
தொடக்க மதிப்பு: எம் 0.053, எச் 0.596, என் 0.318 (எம் சோடியம் சேனலின் திறப்பு, எச் அது அடைபடாத பங்கு, என் பொட்டாசியம் சேனலின் திறப்பு; கீழே ஆல்ஃபா, பீட்டா இவை ஏறும், இறங்கும் வேகங்கள், வி மின்னழுத்தம்)

ஆல்ஃபா எம் = 0.1 × (வி + 40) ÷ (1 − எக்ஸ்ப்(−(வி + 40) ÷ 10))
பீட்டா எம் = 4 × எக்ஸ்ப்(−(வி + 65) ÷ 18)
ஆல்ஃபா எச் = 0.07 × எக்ஸ்ப்(−(வி + 65) ÷ 20)
பீட்டா எச் = 1 ÷ (1 + எக்ஸ்ப்(−(வி + 35) ÷ 10))
ஆல்ஃபா என் = 0.01 × (வி + 55) ÷ (1 − எக்ஸ்ப்(−(வி + 55) ÷ 10))
பீட்டா என் = 0.125 × எக்ஸ்ப்(−(வி + 65) ÷ 80)

சோடியம் மின்னோட்டத்துக்கு எம் மும்மடி × எச். பொட்டாசியத்துக்கு என் நான்மடி. அலகு மில்லிவோல்ட், மில்லிவினாடி, மைக்ரோஆம்பியர், மில்லிசீமென்ஸ், மைக்ரோஃபாரட் என்று வைத்தால் எங்கேயும் 1000-ஆல் பெருக்கவோ வகுக்கவோ தேவையில்லை. பாதிப் பேருடைய கோடு (நிரல்) இங்கேதான் விழுகிறது.

எண் காணாமல் போவதற்குக் காரணம் ஆல்ஃபா எம், ஆல்ஃபா என் இரண்டும். வி சரியாக −40 ஆனால் முதலாவதும், −55 ஆனால் மற்றதும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும். அந்தப் புள்ளியில் எல்லை மதிப்பு முறையே 1.0, 0.1. ஒரு நிபந்தனை வரி போட்டுவிடுங்கள்.

நேரப் படி 0.01 மில்லிவினாடி. சாதாரண ஆய்லர் முறையில் 0.03-க்கு மேல் போகாதீர்கள். உச்சத்தில் சோடியம் கடத்துதிறன் 30 அளவுக்குப் போகும். அப்போது சவ்வின் நேர மாறிலி 1 ÷ 30, அதாவது சுமார் 0.03 மில்லிவினாடி. அதைவிடப் பெரிய படி எடுத்தால் வளைவு பல்லிளிக்கும்.

மூலக் கட்டுரையிலிருந்து நேராக எடுத்தால் இன்னொரு குழி இருக்கிறது. அங்கே மின்னழுத்தம் ஓய்விலிருந்து விலகிய அளவு, அதுவும் குறி தலைகீழ். மேலே உள்ளது இன்றைய வழக்கத்துக்கு மாற்றியது. இரண்டையும் கலந்தால் எதுவும் வராது.

இப்போது 37 டிகிரி. வெப்பநிலைக்கு எல்லா ஆல்ஃபா, பீட்டாவையும் 3 இன் அடுக்கு ((வெப்பம் − 6.3) ÷ 10) ஆல் பெருக்க வேண்டும். 18.5 டிகிரிக்கு அது 3.8, 37-க்கு 29. சோடியம் சேனல் 29 மடங்கு வேகமாகத் திறந்தாலும், சவ்வின் மின்தேக்கியை நிரப்பும் வேகம் மாறவில்லை. நிரப்பி முடிப்பதற்குள் எச் அடைத்துவிடும், என் திறந்துவிடும். ஸ்பைக் கருவிலேயே கலைகிறது. உங்கள் கோடில் தப்பில்லை. அது குளிர்ந்த கடலில் வாழும் கணவாயின் நரம்பு. 37 டிகிரி வேண்டுமென்றால் அதற்கென்று எழுதிய மாதிரியை எடுங்கள். ஹிப்போகம்பஸ் இடைநியூரானுக்கு வாங், புஜாக்கி 1996-இல் கொடுத்தது சின்னது, எழுத எளிது.

சோதிக்க: தொடர் மின்னோட்டம் 10 கொடுங்கள், 6.3 டிகிரியில் நொடிக்கு 68 அளவில் ஸ்பைக் வர வேண்டும். மின்னோட்டத்தை மெல்லக் கூட்டிப் பாருங்கள். 5, 10 என்று ஆரம்பிக்காது, எடுத்த எடுப்பில் நொடிக்கு 50-ஐ ஒட்டிக் குதிக்கும். மின்னோட்டத்தை 200 ஆக்கினால் ஒன்றிரண்டு ஸ்பைக்கோடு நின்றுவிடும். அது #7-இல் சொன்ன அடைபடுதல்தான். −10 கொடுத்து 30 மில்லிவினாடி வைத்திருந்து சட்டென்று விட்டால், தூண்டலே இல்லாமல் ஒரு ஸ்பைக் வரும். எச் மீண்டு நிறைந்து கிடப்பதால் வருவது.

இதையெல்லாம் ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தில் போட்டார், கேம்பிரிட்ஜின் கணினி அப்போது திருத்த வேலையில் இருந்ததால். ஆக்ஸானில் ஓடும் ஸ்பைக்கின் வேகம் 18.5 டிகிரியில் நொடிக்கு 18.8 மீட்டர் என்று கணக்கு சொன்னது, அளந்தது 21.2. காகிதத்தில் இவ்வளவு கிட்டே வந்ததுதான் 1963 நோபலுக்கு வலு.

#10 என்சிஎஸ்_ரூம்

வெப்பநிலை பற்றி வந்ததால் நரம்புக் கடத்தல் பரிசோதனை அறையிலிருந்து ஒரு சேதி. ஏசி அறையில் குளிர்ந்த கையோடு உட்காரவைத்து எடுத்தால், நல்ல நரம்பே நோயுள்ளதாகத் தெரியும். தோல் வெப்பம் 1 டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும், மணிக்கட்டுத் தாமதம் 0.2 மில்லிவினாடி கூடும். 27 டிகிரிக் கையில் எடுத்துக் கார்பல் டனல் (மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்தும் நோய்) என்று எழுதிக் கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது. கையில் 32 டிகிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். வெந்நீரில் 10 நிமிடம் போதும். தோல் மேல் மட்டும் ஹீட்டர் காட்டினால் உள்ளே நரம்பு சூடாகாது.

குளிரா, நோயா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குளிரில் அலையின் உயரம் கூடும், அகலமும் கூடும், சோடியம் சேனல் மெதுவாக அடைவதால். நோயில் உயரம் குறையும் அல்லது அப்படியே இருக்கும். அதோடு குளிர் என்றால் கையின் மீடியன், அல்நார் நரம்புகள் இரண்டும் சேர்ந்து தாமதமாகும். கார்பல் டனலில் மீடியன் மட்டும்.

வேகக் கணக்கு எளிது. மணிக்கட்டில் தூண்டினால் 3.4 மில்லிவினாடி, முழங்கையில் தூண்டினால் 7.4, இடைத்தூரம் 220 மி.மீ. என்றால் 220 ÷ 4.0 = நொடிக்கு 55 மீட்டர். தூரத்தை ஒரே இடத்தில் எடுத்த தாமதத்தால் வகுத்தால் தப்பான விடை வரும். அதில் நரம்பு-தசை சந்திப்பின் நேரமும் தசையின் நேரமும் கலந்திருக்கும். தூண்டியின் எதிர்மின்முனை (கேத்தோடு) பதிவு எலக்ட்ரோடைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் 2, 3 செ.மீ. தூரப் பிழை. அலை இனி வளராது என்ற அளவுக்கு மேலும் 20, 30 சதவீதம் கூட்டித்தான் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாதி நார்களை எழுப்பாமலேயே உயரம் குறைவு என்று எழுதுவோம்.

#11 சந்தேகம்_சாமி

நொடிக்கு 55 மீட்டர். ஸ்பைக் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவிப் போவதால்தானே?

#12 கேபிள்காரன்

"தாவுகிறது" என்று சொல்வதில் பாதி உண்மை. மயலின் உள்ள நரம்பில் இரண்டு கணுக்களுக்கு இடையே 1 மி.மீ., வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று எடுங்கள். ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்கு 17 மைக்ரோவினாடி. ஆனால் ஒரு கணுவில் ஸ்பைக் நீடிப்பது 500 மைக்ரோவினாடி. முதல் கணு அணைவதற்குள் 30 கணுக்கள் எரிந்துகொண்டிருக்கும். 3 செ.மீ. நீளம் ஒரே நேரத்தில் ஸ்பைக்கில் இருக்கிறது. படத்தில் காட்டுவது போல இங்கே அணைந்து அங்கே எரிவது இல்லை.

ஓடுவது அயனி என்று நினைப்பதும் தவறு. சோடியம் உள்ளே நுழைந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆக்ஸான் வழியே முன்னால் போவது மின்னழுத்த வேறுபாடு. அது அடுத்த இடத்தின் சவ்வை வாசலுக்குத் தள்ளுகிறது. எவ்வளவு தூரம் தள்ளும் என்பதை நீள மாறிலி சொல்லும்: (விட்டம் ÷ 4) × (சவ்வுத் தடை ÷ உட்தடை) இன் வர்க்கமூலம். 1 மைக்ரான் விட்டம், சவ்வுத் தடை 20,000 ஓம் சதுர செ.மீ., உட்தடை 100 ஓம் செ.மீ. என்றால் 0.7 மி.மீ. மயலின் இந்தச் சவ்வுத் தடையைப் பல மடங்கு ஏற்றுகிறது. ஆனால் வேகத்துக்கு முக்கியம் அது மின்தேக்குத்திறனை இறக்குவது. நிரப்ப வேண்டிய மின்னூட்டம் குறைவு, ஆகவே அடுத்த கணு சீக்கிரம் வாசலைத் தொடுகிறது.

மயலின் இல்லாத நரம்பில் வேகம் விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. மயலின் உள்ளதில் விட்டத்துக்கு நேர் விகிதம், ஒரு மைக்ரானுக்கு நொடிக்கு சுமார் 6 மீட்டர். கணவாய் 500 மைக்ரான் தடிமனில் வாங்கும் வேகத்தை நமது நரம்பு 4 மைக்ரானில் வாங்குகிறது. தண்டுவடத்துக்குள் இத்தனை லட்சம் நார் அடங்குவது அதனால்தான்.

ஒரு கணு தரும் மின்னோட்டம் அடுத்ததை எழுப்பத் தேவையானதைப் போல 5 முதல் 7 மடங்கு. இந்தத் தாராளம் இருப்பதால் ஒன்றிரண்டு கணு கெட்டாலும் ஸ்பைக் கடந்துவிடும். மயலின் உரிந்த நரம்பில் அது 1-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. அப்போது உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே ஸ்பைக் குறுகி, மின்னூட்டம் போதாமல் நின்றுவிடும். மயலின் உரியும் நோயான மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் உள்ளவருக்கு வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு பார்வை மங்குவது இதனால். #9-இல் 37 டிகிரியில் கலைந்த ஸ்பைக்கும் இதே இயற்பியல்.

#13 ஊசிமருந்து

சேனலை வெளியிலிருந்து அடைப்பதும் உள்ளேயிருந்து அடைப்பதும் வேறு வேறு என்பதையும் சேர்க்கிறேன். பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் சோடியம் சேனலின் வெளிவாயிலை அடைக்கும், நானோமோலார் அளவிலேயே. மரக்கவைக்கும் ஊசி மருந்தான லிடோகெய்ன் அடைப்பது உள்பக்கத்திலிருந்து. அதற்குச் சவ்வைக் கடக்க வேண்டும். மின்னேற்றம் இல்லாத வடிவம்தான் கடக்கும். உள்ளே போனபின் மின்னேற்றம் பெற்ற வடிவம் சேனலைப் பிடிக்கும்.

லிடோகெய்னின் பிகேஏ (பாதி மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஎச்) 7.9. பிஎச் 7.4-இல் கடக்கக்கூடியது 24 சதவீதம். சீழ் பிடித்த இடத்தில் பிஎச் 6.4 என்றால் 3 சதவீதம். பல் வேரில் சீழ் இருக்கும்போது ஊசி போட்டும் மரத்துப்போகாதது பெரும்பாலும் இதனால். வீக்கத்தில் இரத்தோட்டம் கூடி மருந்தை அடித்துக்கொண்டு போவதும் ஒரு காரணம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதே இடத்தில் ஏற்றிக்கொண்டே போனால் நஞ்சளவைத் தொடுவோமே தவிர மரக்காது. சீழுக்கு அப்பால், நரம்பின் மேல்பகுதியில் தடுப்பு ஊசி போடுவதுதான் வழி.

எரிச்சல் குறைய, 1 சதவீத லிடோகெய்ன் 10 மில்லிக்கு 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மில்லி சேர்ப்பார்கள். இதே அளவை பூபிவக்கெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தில் கலந்தால் வீழ்படிவாகிவிடும்.

அடிக்கடி சுடும் நரம்பை லிடோகெய்ன் கூடுதலாக அடைக்கும். சேனல் திறந்தும் அடைபட்டும் இருக்கும் நேரத்தில்தான் அது நன்றாகப் பிடிக்கிறது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினுக்கும் இதே குணம்.

#14 யாழ்_நரம்பியல்

ஆக்ஸான் முடிவிலே மின்சாரம் நின்றுவிடுகிறது, அதையும் சொல்லி வைப்பம். நரம்பு-தசைச் சந்திப்பில் ஸ்பைக் வந்தவுடன் கல்சியம் வாசல் திறக்கும். உள்ளே கல்சியம் 0.0001 மில்லிமோலர், வெளியே 1 தொடக்கம் 2. கல்சியம் புகுந்ததும் தசைக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளான அசற்றைல்கோலின் நிறைந்த, 50 நானோமீட்டர் அளவிலான பைகள் சவ்வோடு ஒட்டி உடையும். முழுவதும் அரை மில்லிவினாடிக்குள். ஒரு பை தசையில் எழுப்புவது அரை மில்லிவோல்ட் மாத்திரம். ஒரு ஸ்பைக்குக்குப் பத்துக்கணக்கான பைகள் உடைவதால் தசை தவறாமல் எழும்புகிறது. இங்கேயும் தேவைக்கு மேலான கையிருப்பு.

அந்தக் கையிருப்பை இரண்டு பாம்பு இரண்டு விதமாகத் தீர்க்கும். நாகத்தின் நஞ்சு தசைப் பக்கத்து ஏற்பியில் போய் உட்காரும். நரம்பு முனைக்குச் சேதம் இல்லை. எனவே அத்ரோப்பின் கொடுத்து, அசற்றைல்கோலின் சிதைவதைத் தடுக்கும் நியோஸ்ரிக்மின் ஏற்றினால் சந்திப்பில் அசற்றைல்கோலின் தேங்கி, தொங்கிய இமை அரை மணித்தியாலத்துக்குள் எழும்பலாம். கட்டுவிரியனின் நஞ்சில் முக்கியமான பகுதி நரம்பு முனையையே தாக்குகிறது. பைகள் தீர்ந்து, முனை அழிந்துவிடும். அசற்றைல்கோலினே வெளிவராத இடத்தில் நியோஸ்ரிக்மின் எதைத் தேக்குவது? விஷமுறிவு மருந்தும் இரத்தத்தில் இன்னும் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும், அழிந்த முனையைத் திருப்பித் தராது. முனை திரும்ப வளர நாட்கணக்கு, சில வேளை வாரக்கணக்கு. அதுவரை செயற்கைச் சுவாசம்.

#15 என்சிஎஸ்_ரூம்

கட்டுவிரியன் கடியில் எங்கள் அறைக்கு வந்தால் தெரிவது: உணர்வு நரம்பு இயல்பு, இயக்க நரம்பின் வேகமும் இயல்பு, தசை அலையின் உயரம் மட்டும் படுத்திருக்கும். நொடிக்கு 3 முறை தூண்டினால் நான்காம், ஐந்தாம் அலை முதல் அலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடும். ஆக்ஸானில் கோளாறு இல்லை, முனையில்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

#16 பிளஸ்டூ_விலங்கியல்

தரையில் படுத்துத் தூங்கும்போது கடித்து, வலியே இல்லாமல், காலையில் கண் திறக்க முடியாமல் கிடப்பார்கள் என்கிறார்களே. கண்மணியும் அசையாது என்றால் மூளை போய்விட்டதாக நினைத்துவிட மாட்டார்களா?

#17 யாழ்_நரம்பியல்

நினைப்பதுண்டு, அதுதான் ஆபத்து. கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது, இமை திறக்காது, கூப்பிட்டால் விரல்கூட அசையாது. ஆனால் ஆள் முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்மணியைச் சுருக்கும் தசைக்கும் நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் வர வேண்டுமல்லவா. இப்படியான நோயாளியில் மூளைச் சாவுப் பரிசோதனை செய்து முடிவு எழுதக் கூடாது. ஈஈஜி எடுத்தால் விழித்திருக்கும் மூளையின் அலை தெரியும். கட்டிலருகே பேசுகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். குழாய் மாற்றும்போது, ஊசி ஏற்றும்போது வலியும் தெரியும், ஆகவே வலிமருந்தும் தூக்க மருந்தும் தேவை.